தன் கணக்கைத் தானே கேட்பது

மாறிவரும் தொழிலுலகில் மென்திறன்களின் தேவை என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். தொடர்பாடல், குழுவாக இயங்குதல், நேர முகாமைத்துவம், தலைமைத்துவம் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு படம் வரும். கடைசியில் தன்னம்பிக்கையோடு எழுந்து நில்லுங்கள் என்று ஓர் அறிவுரை. கொழும்பில் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்த அந்தப் பட்டியலை அப்படியே ஹட்டனுக்குக் கொண்டுவந்து வாசித்தால், கேட்கிறவர்களுக்கு மிஞ்சுவது கூச்சம் மட்டுமே. நமக்குப் பேசத் தெரியவில்லை, அதனால்தான் பின்தங்கிக் கிடக்கிறோம் என்று இளைஞர்கள் நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். அப்படி நினைப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் கிடையாது. மலையகத் தொழிலாளி தன் வேலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தானே பேசுகிற பொறுப்பு, ஒன்றரை நூற்றாண்டாக அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டு இடையில் நிற்கும் ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இடையாள் இப்போது மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருக்கிறார். விலகுகிற இடத்தில் யார் பேசப்போகிறார் என்பதுதான் மலையகத்தைப் பொறுத்தவரை மென்திறன் பற்றிய கேள்வி. என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

முதலில் மாற்றத்தின் அளவைப் பார்ப்போம். அரசுடைமையாக இருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது, அவற்றின் பெயர்ப்பட்டியலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள். இன்று அதில் பாதிப்பேர்கூட இல்லை. ஆனால் தோட்டங்களில் வாழ்கிறவர்களின் தொகை அந்த வேகத்தில் குறையவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் தோட்டப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். லயத்தில் குடியிருப்பு, வேலை வேறெங்கோ என்ற நிலைமை வந்து நெடுங்காலமாகிவிட்டது. கொழும்பில் கடை, கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை, மத்திய கிழக்கில் வீட்டுவேலை, நுவரெலியாவில் ஹோட்டல், ஊர்ப் பக்கம் மரக்கறித் தோட்டம் என்று ஒரே குடும்பத்தில் நான்கு வகைத் தொழில் இருக்கிறது. தேயிலையே கைமாறிவிட்டது. நாட்டின் தேயிலை உற்பத்தியில் 70 சதவீதத்துக்கும் மேல் இன்று சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது, பெருந்தோட்டத்திலிருந்து அல்ல. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோதும், அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தபோதும் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்த வீடுகள் பட்டபாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

இனி அந்த இடையாளைப் பற்றி. கங்காணி முறையை ஆள்சேர்ப்பு முறை என்று மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அது பேச்சைப் பங்கிட்டுக் கொடுத்த முறையும்கூட. தொழிலாளியின் கடன், கூலி, லீவு, சண்டை, சாவு எல்லாம் பெரிய கங்காணி வழியாகத்தான் துரையிடம் போகும். துரையின் சொல்லும் அவர் வழியாகத்தான் லயத்துக்கு வரும். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே தொழிலாளி நேராகப் பேசாமலிருப்பதில் அவருக்கு நேரடி இலாபம் இருந்தது. மறுபக்கத்தில், புதிதாக வந்த சின்னதுரைமாருக்குத் தமிழ் கற்பிக்கப் பேர்குசன் பதிப்பகம் வெளியிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல பதிப்புக் கண்ட கைநூலின் பெயர் ‘இங்கே வா’. ஆளைக் கூப்பிடுவதற்கும் ஏவுவதற்கும் எவ்வளவு தமிழ் தேவையோ அவ்வளவு போதும் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. கூலிக் கணக்கைத் தமிழில் விளக்கிச் சொல்லும் தேவை துரைக்கு இருக்கவில்லை. கணக்கப்பிள்ளை இருந்தார்.

கங்காணியின் பிடியைத் தளர்த்தியது தொழிற்சங்கம். அதில் ஐயமில்லை. வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில், கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் துண்டுப் பிரசுரங்களையும் பாட்டையும் கொண்டு போய்த் தொழிலாளரிடம் சட்டம் பேசினார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்த நடேசய்யர், 1936 முதல் ஹட்டன் தொகுதிக்கு அரசாங்க சபையில் இருந்தார். மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தானே பாடினார். எழுத்துத் தெரியாதவர் சட்டத்தின் சாரத்தைப் பாட்டாக மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது அந்த இருவரின் கணக்கு. மக்கள் தொடர்பாடல் என்று இன்று பயிற்சிநெறி நடத்துகிறவர்கள் அதைவிடச் சிறந்த உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்குப் பறிபோன மக்களுக்குச் சங்கமே பாராளுமன்றம், சங்கமே நீதிமன்றம், சங்கமே கச்சேரி என்றானது. தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், அதற்குமேல் தலைமையகம் என்று பேச்சு மறுபடியும் ஏணியில் ஏறத் தொடங்கியது. நாடற்றவராக ஆக்கப்பட்ட ஒரு கூட்டத்துக்கு வேறு வழியிருந்ததா என்றால் இல்லை. ஆயினும் அதன் விலையையும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சங்கத்தில் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. பேசுகிறவர் வேறு, வேலை செய்கிறவர் வேறு என்றால் எந்தக் கோரிக்கை பின்வரிசைக்குப் போகும் என்பதற்கு அந்த ஆண்டு ஒன்றே சாட்சி.

இப்போது அந்த ஏணியின் படிகள் கழன்றுகொண்டிருக்கின்றன. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கையை 2021இல் சம்பள நிர்ணயச் சபை தீர்த்துவைத்தபோது, கம்பனிகள் சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. கூட்டு ஒப்பந்தம் என்பது சம்பளத்தை மட்டும் சொன்ன காகிதம் அல்ல; தினசரி வேலையின் அளவு, பிணக்கு வந்தால் பேசும் முறை எல்லாம் அதில் இருந்தன. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக ஆனதும் சம்பள நிர்ணயச் சபை வழியாகத்தான். ஆகக் குறைந்த சம்பளத்தை அரசு வர்த்தமானியில் அறிவித்துவிடலாம். ஒரு மலையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்பதை வர்த்தமானி தீர்மானிக்க முடியாது. அது அந்தந்தத் தோட்டத்தில், அந்தந்தப் பெரட்டுக்களத்தில் பேசித் தீர வேண்டிய விஷயமாகிவிட்டது.

அந்தப் பேச்சு எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கொழுந்து நிறுக்கும் நேரம். பல தோட்டங்களில் 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; சிலவற்றில் இன்னும் கூடுதல். குறைந்தால் அரைப்பேர். தராசில் சாக்கு ஏறுகிறது. சாக்கின் எடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். கழிவு இரண்டு கிலோவா, மூன்று கிலோவா என்பதில் ஒரு பெண்ணின் அன்றைய பேர் முழுதாவதும் பாதியாவதும் இருக்கிறது. இந்த இடத்தில் வழக்கமாக மூன்று விதமாக நடக்கும். ஒருத்தி பேசாமல் போய்விடுவாள். ஒருத்தி லயம்வரை முணுமுணுத்துக்கொண்டே போவாள். ஒருத்தி அங்கேயே சத்தம் போடுவாள். அவளுக்கு வாய்க்காரி என்று பெயர் விழும், அடுத்த நாள் மோசமான நிரை அவளுக்கு வரும். நான்காவது வழி ஒன்று உண்டு. ‘ஐயா, நேத்து மழையில ரெண்டு கிலோ கழிச்சீங்க. இன்னைக்கு வெயில்லயும் ரெண்டு கழிச்சிருக்கே, எதுக்குன்னு சொல்லுங்க’ என்று, குரலை உயர்த்தாமல், மற்றவர்களும் கேட்கும்படி, நேற்றைய கணக்கை நினைவில் வைத்துக் கேட்பது. இப்படிக் கேட்பதற்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கவனிப்பு வேண்டும், கணக்கு வேண்டும், நேரம் பார்த்துப் பேசும் பக்குவம் வேண்டும், கோபத்தை அடக்கத் தெரிய வேண்டும், பக்கத்து நிரைக்காரியோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். கொழும்புப் பட்டியலில் இருக்கிற மென்திறன்கள் அத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே வித்தியாசம், இங்கே அது அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் உள்ள தூரம்.

சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. இயந்திரம் பொய் சொல்லாது, இனிப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். எடையை இயந்திரம் சொல்லும்; கழிவை ஆள்தான் சொல்கிறார்.

கம்பனிகள் முன்வைக்கிற வெளியார் உற்பத்தி முறையில் இந்தத் தேவை பல மடங்காகிறது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். பராமரிப்பும் பறிப்பும் குடும்பத்தின் பொறுப்பு. உரமும் மருந்தும் கம்பனி தரும், கொழுந்தைக் கம்பனியே வாங்கும், செலவைக் கழித்து மாதக் கடைசியில் மீதியைக் கொடுக்கும். இந்த முறை நல்லதா கெட்டதா என்ற பெரிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. காணி உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுப்பதில் எனக்கு நிறைய ஐயம் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நமக்கு இங்கே முக்கியம், அந்த மாதக் கடைசித் துண்டுச் சீட்டு. அதில் உரத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள்? கொழுந்துக்குக் கிலோ என்ன விலை, அதை யார் தீர்மானித்தார்? சிறுதோட்ட உடைமையாளருக்கு ஒரு விதி இருக்கிறது: தொழிற்சாலை தேயிலையை விற்றுப் பெறும் பணத்தில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. தேயிலை ஆணையாளர் அந்தக் கணக்கில்தான் மாதாமாதம் பச்சைக் கொழுந்துக்கு நியாய விலை அறிவிக்கிறார். அந்த விகிதம் எனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்கிறவர் கங்காணி அல்ல, தலைவரும் அல்ல. செடியைப் பொறுப்பெடுத்த கணவனும் மனைவியும்தான்.

தோட்டத்துக்கு வெளியே போனாலும் இதே கதைதான். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. பொகவந்தலாவைப் பக்கத்தில் 2005 முதல் துரைமாரின் பழைய பங்களாக்கள் வெளிநாட்டு விருந்தினருக்கான விடுதிகளாகியிருக்கின்றன. 300 கிலோமீற்றருக்கும் நீளமான, 22 கட்டங்கள் கொண்ட பெக்கோ நடைபாதை ஹந்தானையில் தொடங்கித் தோட்டங்களினூடாக நுவரெலியா வரை வருகிறது. அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் லயங்களின் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். கவ்வாத்து வெட்டிய மலைக்கும் வெட்டாத மலைக்கும் என்ன வேறுபாடு, எந்தக் காற்றடித்தால் கொழுந்தில் மணம் ஏறும் என்று சொல்லத் தெரிந்தவர் வாசலில் உட்கார்ந்திருக்க, கொழும்பிலிருந்து வந்த வழிகாட்டி புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். அறிவு ஒருவரிடம், வருமானம் இன்னொருவரிடம். நடுவில் நிற்பது இரண்டு வாக்கிய ஆங்கிலமும், அந்நியரிடம் தயக்கமில்லாமல் பேச்சைத் தொடங்கும் பழக்கமும்.

இவையெல்லாம் என் ஊகமா என்று கேட்பீர்கள். உலகில் இதுபற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன, மூன்றைச் சொல்கிறேன். அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980க்கும் 2012க்கும் இடையில் அந்நாட்டில் மனிதரோடு பழகும் திறன் அதிகம் தேவைப்படும் வேலைகளின் பங்கு ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணிதமும் பழகும் திறனும் சேர்ந்து தேவைப்பட்ட வேலைகளில்தான் சம்பளம் நன்றாக ஏறியது. மேற்கு ஆபிரிக்காவின் டோகோவில் 1,500 சிறு தொழில்முனைவோரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கணக்கு வைப்பு முதலான வழக்கமான வணிகப் பயிற்சியும், இன்னொரு பகுதியினருக்குத் தானாக முன்வந்து செயற்படும் மனப்பாங்கில் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னவர்களின் இலாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் உயர்வு 11 சதவீதத்தில் நின்றது, அதுவும் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவில் இல்லை. செடியைத் தன் பொறுப்பில் எடுக்கப்போகும் குடும்பங்களுக்கு இந்த ஆய்வு நேரடியாகப் பொருந்தும்.

மூன்றாவது ஆய்வுதான் நமக்கு மிக அருகில் நடந்தது, மிகவும் யோசிக்க வைப்பதும் அதுதான். பெங்களூரின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் இடம் கொடுத்து, ஏறத்தாழ 80 மணிநேரம் மென்திறன் பயிற்சி அளித்தார்கள். பேச்சு, நேரத்தைத் திட்டமிடல், பிரச்சினையைத் தீர்த்தல், பண நிர்வாகம் என்பவைதான் பாடங்கள். அத்வர்யு, காலா, நிஷாதம் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் விளைவைக் கணக்கிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் தெளிவாக உயர்ந்தது. பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் கம்பனிக்குச் செலவைப்போல இரண்டரை மடங்கு நிகர ஆதாயம். பெண்களின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது? அரை சதவீதம். அதாவது திறன் தொழிலாளியினுடையது, பலன் முதலாளியினுடையது.

இந்த ஆய்வை மென்திறனுக்கு எதிரான ஆதாரமாகவும் காட்டலாம், ஆதரவான ஆதாரமாகவும் காட்டலாம். நான் இரண்டாகவும் எடுத்துக்கொள்கிறேன். வளர்ந்தவர்களுக்கு, அதிகம் படிக்காதவர்களுக்கு, வேலை நேரத்துக்குள்ளேயே இந்தத் திறன்களைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது அதில் உறுதியாகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கையை விரிப்பவர்களுக்கு அது பதில். கற்றுக்கொடுத்தால் மட்டும் வாழ்க்கை மாறிவிடாது என்பதும் அதே ஆய்வில் உறுதியாகிறது. கூலியைப் பற்றிப் பேசும் திறன் அந்தப் பாடத்திட்டத்தின் மையத்தில் இல்லையென்றால், மற்றத் திறன்களின் பயன் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு இனி விளக்கம் வேண்டாம்.

இங்கே எழும் மறுப்புகளில் வலுவானது இதுதான்: லயத்தில் பத்தடி அறையில் மூன்று தலைமுறை படுத்திருக்கிறது, காணி இல்லை, முகவரி இல்லை, சம்பளம் போதவில்லை, இந்த நேரத்தில் பேச்சுப் பயிற்சி தேவையா, குற்றத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதல்லவா இது? இந்தக் கோபம் நியாயமானது. வறுமைக்குக் காரணம் திறன் குறைவு என்று சொல்லும் எந்தப் பயிற்சிநெறியையும் நாம் வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் காணியும் வீடும் சம்பளமும் பேசாமல் வரவில்லை, பேசாமல் வரப்போவதும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கச் சபைக்கு வழியில்லாமல் இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை எனப் புதிய சபைகளும் வந்தன. அந்த ஆண்டுத் தேர்தலிலிருந்து பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் உண்டு. கதவு திறந்திருக்கிறது. ஆனால் எங்கள் லயத்துக்குப் பாதை வேண்டும் என்று கோரிக்கை எழுத வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் போக வேண்டும். வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது எங்கள் பாதை எந்த வரியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கட்டமைப்பை மாற்றுகிற வேலைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் இதே திறன்தான் வேண்டும். நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் முதலில் கூலி உயரட்டும், பிறகு பாடலாம் என்று காத்திருக்கவில்லை.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. மென்திறன் என்ற பெயரில் கற்றுக்கொடுப்பது பணிவும் புன்னகையும்தான், பழைய சலாமுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்பது. ஆர்லி ஹோக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, மனித உணர்ச்சியே விற்பனைப் பொருளாகிற வேலையைப் பற்றி விரிவாக எழுதினார். துரை பங்களாவில் அப்பு வேலை பார்த்தவரின் பேரன் அதே பங்களாவில், அதே வெள்ளை உடுப்பில், விருந்தினருக்குத் தேநீர் கொண்டுபோகிறார் என்றால், அதை முன்னேற்றம் என்று உடனே சொல்லிவிட எனக்கும் நா எழவில்லை. ஆகவே ஒரு பயிற்சியை எடைபோட எளிய வழி ஒன்று சொல்வேன். மறுப்புச் சொல்ல அதில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். மேலதிக வேலை நேரத்துக்குக் காசு கேட்பது, அத்துமீறும் விருந்தினரைத் தடுத்து மேலாளரிடம் முறைப்பாடு செய்வது, தன் நியமனக் கடிதத்தை வாசித்து விளக்கம் கேட்பது ஆகியவை பாடத்தில் இருந்தால் அது தொழிலாளிக்கான பயிற்சி. கைகூப்புவதும் சிரிப்பதும் மட்டும் இருந்தால் அது ஹோட்டலுக்கான பயிற்சி. செலவை ஹோட்டலே பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், கணினி. மற்றதெல்லாம் பிறகு என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதில் முக்கால்வாசி எனக்கு உடன்பாடு. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் டெமிங்கின் ஆய்வு காட்டியது, ஒன்று மற்றதற்கு மாற்றாகாது என்பதைத்தான். மொழி விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். எல்லோரும் ஆங்கிலத்தைச் சொல்கிறார்கள், சிங்களத்தை விட்டுவிடுகிறார்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்பது சட்டம். அந்த உரிமையை விடாமல் கேட்க வேண்டும். ஆனால் பொலிஸ் நிலையத்தில், பெரிய ஆஸ்பத்திரியில், கொழும்புக் கடையில் இன்று நடைமுறை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழில் படிவம் கேட்பதற்கே சிங்களம் தேவைப்படுகிற நாடு இது.

ஊரைச் சொல்லக் கூசுகிற பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தோட்டப்புறத்துப் பிள்ளைகளை இழித்துப் பேசும் சொற்கள் இந்த நாட்டில், தமிழர்களுக்குள்ளேயே, புழக்கத்தில் இருக்கின்றன. அதற்குப் பயந்து விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பக்கத்து நகரத்தின் பெயரைப் போடுகிறவர்கள் உண்டு. பேச்சு வழக்கை மறைக்கப் பாடுபடுகிறவர்களும் உண்டு. ஊரை மறைத்துக்கொண்டு பேசுகிறவருக்குப் பாதிக் கவனம் மறைப்பதிலேயே போய்விடும், மீதிப் பாதிதான் பேச்சுக்கு. இதை எந்தப் பயிற்சிநெறியும் பேசுவதாகத் தெரியவில்லை. பேசப்பட வேண்டிய முதல் பாடம் இதுவாக இருக்கலாம்.

சரி, இந்தத் திறன்களை எங்கே கற்பது? புதிதாக ஒரு மண்டபம் கட்ட வேண்டியதில்லை. மாசி மாதம் வந்தால் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. கம்பம் ஊன்றுவதிலிருந்து தகனம் வரை பல நாட்கள் நீளும் விழா அது. லயம் லயமாகப் போய் வரி வசூலிக்கிறார்கள், அதற்குக் கணக்கு வைக்கிறார்கள். ரதி யார், மன்மதன் யார், தூதன் யார் என்று வேடம் பிரிக்கும்போது வரும் மனத்தாங்கலைத் தீர்த்துவைக்கிறார்கள். பகலில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்களை இரவில் ஒத்திகைக்குச் சேர்க்கிறார்கள். வெளிச்சம், மேடை, பொலிஸ் அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் எல்லாவற்றையும் பேசி வாங்குகிறார்கள். மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடுவே பழைய பகை இருந்தால் அன்றைக்கு அதை ஒதுக்கிவைக்கிறார்கள். முகாமைத்துவப் பட்டதாரி ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவர் இரண்டு உதவியாளர் கேட்பார். இதைச் செய்கிற அதே இளைஞர் நேர்முகத் தேர்வில் ‘உங்களுக்கு என்ன அனுபவம்’ என்று கேட்டால், ‘ஒன்றும் இல்லை, சேர்’ என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தான் செய்ததை அனுபவமாக எண்ண அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில் திருவிழாக் குழு, பாடசாலை மாணவர் பாராளுமன்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆண்டறிக்கை வாசிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, கணக்கைச் சபையில் வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆகியவற்றை ஆண்டுதோறும் ஆள் மாற்றிச் செய்யப் பழக்கினாலே போதும். ஒரே செயலாளர் பதினைந்து வருடம் இருந்தால் அந்தச் சங்கத்தில் ஒரே ஒருவர்தான் பயிற்சி பெறுகிறார். கூத்தில் பெண்களுக்கு இருக்கும் இடத்தையும் அப்போது கேள்வி கேட்க வேண்டியிருக்கும். ரதி வேடத்தையே ஆண் போடுகிற விழா அது.

கடைசியாகச் செலவு. பெங்களூர் ஆய்வின் கணக்கு சரியென்றால், பயிற்சிக்கு யார் காசு கொடுக்க வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. ஆதாயம் பெறுகிறவர் கொடுக்க வேண்டும். தேயிலை விலை, உர விலை, டொலர் விலை என்று கம்பனிகள் சொல்லும் நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் எட்டு மாதத்தில் திரும்பி வருகிற முதலீட்டுக்கு அந்தக் காரணம் செல்லாது. சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது நாட்சம்பளத்தின் தொகையோடு மேலும் சில வாசகங்களையும் மேசையில் வைக்கலாம். பயிற்சி வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும், அன்றைய பேர் குறையக் கூடாது. பயிற்சி முடித்தவருக்கு நாட்சம்பளத்துக்கு மேல் நிலையான ஒரு படி வேண்டும். இல்லையென்றால் பெங்களூரின் அரை சதவீதம்தான் இங்கும் மிஞ்சும். கழிவுக் கிலோவின் அளவும் காரணமும் ஒவ்வொரு நிறுவையிலும் சீட்டில் எழுதித் தரப்பட வேண்டும். வெளியார் உற்பத்தி ஒப்பந்தம் எதுவானாலும் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு ஒரு மாதம் முன்பே குடும்பத்தின் கையில் கிடைக்க வேண்டும். சங்கத் தலைவர்கள் தங்கள் இடம் போய்விடும் என்று இதற்குத் தயங்கக்கூடும். இந்த வாசகங்களை எழுதி வாங்கித் தருவதற்கும் அவர்களே தேவை. நிறுவை மடுவத்தில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, ‘இந்த ரெண்டு கிலோ எதுக்கு’ என்று கேட்பது மட்டும் இனி கொழுந்து பறித்தவரின் வேலை.